பெரியப்பாவின் மூன்று சக்கரங்கள்

சாய்வு நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் வண்டி. மூன்று சக்கரம், ஒரு சிறிய மின்மோட்டார். நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலில் பாதி அதற்குள் இருக்கிறது.

வூரி யாலோக் என்ற சிற்றூரைத் தாண்டிய சிறிது நேரத்தில் என் வண்டியின் திரையில் மீதமிருந்த ஒரே கோடும் அணைந்தது. மோட்டாரின் மெல்லிய ரீங்காரம் நின்றது. அடுத்த மிதியிலேயே வண்டியின் முழுப் பாரமும் என் தொடைக்கு வந்து சேர்ந்தது. பாதை மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் கார் நின்ற இடமோ இன்னும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால்.

முன்னால் சென்றுகொண்டிருந்த பெரியப்பா தம் வண்டியின் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவருக்கு வயது 71.

"என்னடா தம்பி, கரண்டு காலியா?"

"ஆமா பெரியப்பா."

"போகும்போதே சொன்னேன், நீ எங்க கேட்ட! சரி, சின்ன கியர்ல போட்டு மெதுவா மிதி. எவ்வளவு மெதுவா போனாலும் விழமாட்ட. நான் மேல போய் உனக்கு ஒரு தே வாங்கி வெக்கிறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டார். அவர் வண்டியும் என் வண்டியும் ஒரே மாதிரி. இரண்டு மின்கலன்களையும் முதல்நாள் இரவு உணவுக்கு முன்பே முழுமையாக மின்னேற்றி வைத்திருந்தோம். கிளம்பிய இடமும் நேரமும் ஒன்றுதான். அப்படியிருக்க, அவருடைய மின்கலனில் மட்டும் எப்படி மிச்சம் இருந்தது? அதற்கான விடையைத் தேடினால் இந்த வண்டியின் அறிவியல் முழுவதும் புரிந்துவிடும்.

வீட்டுக்குள் முடங்கிய இரண்டு ஆண்டுகள்

பெரியப்பா செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தொழில்நுட்பராக இருந்தவர். வேலைக்கும் சந்தைக்கும் மிதிவண்டியில் போய்வந்த தலைமுறை. ஓய்வு பெற்றபின் மகளுடன் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் மிதிவண்டியை விடவில்லை.

சில ஆண்டுகளுக்குமுன் அவருடைய உள்காதில் ஒரு கோளாறு ஏற்பட்டது. நம் உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவைதான் மூளைக்குச் சொல்கின்றன. அந்தத் தகவல் பிழையானால் நேராக நிற்கும்போதே உலகம் சுழல்வதுபோல் இருக்கும். ஒருநாள் தலை சுற்றியதில் மிதிவண்டியுடன் கீழே விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. விழுந்த பயம் மட்டும் கூடவே தங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் அவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. உடல் எடை ஏறியது, முழங்கால் வலித்தது, பேச்சும் குறைந்தது. தலைசுற்றல் கட்டுக்குள் வந்து நாளாகியும் "இனி சைக்கிள் வேண்டாம்" என்ற முடிவில் மாற்றமில்லை.

உடற்பிணி மருத்துவர் ஒருவர்தான் மூன்று சக்கர வண்டியைப் பற்றிச் சொன்னார். மருத்துவரின் சம்மதத்துடன் பெரியப்பா முதலில் ஒரு காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார். "பத்து நிமிஷத்துல இருபது வயசு குறைஞ்சிடுச்சு" என்கிறார். அதே வகை வண்டி வைத்திருக்கும் அவருடைய நண்பரிடம் இரவல் வாங்கித்தான் நான் அன்று ஓட்டினேன்.

ஏன் விழுவதில்லை?

இரண்டு சக்கர மிதிவண்டி தானாக நிற்காது. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரத்தைச் சற்றுத் திருப்பி, வண்டியை மறுபடி நமக்கு அடியில் கொண்டுவருகிறோம். பழகியவர்கள் இதை அறியாமலேயே செய்கிறார்கள். வேகம் குறையக் குறைய இந்தத் திருத்தம் கடினமாகிறது. அதனால்தான் மிக மெதுவாக ஓட்டும்போது வண்டி தள்ளாடுகிறது.

மூன்று சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு முக்கோணத்துக்குள் விழும்வரை, நிற்கும் வண்டி சாயாது. பெரியப்பாவின் வண்டியில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. தவளைக் குஞ்சின் உருவத்தை ஒத்திருப்பதால் இதைத் தலைப்பிரட்டை வகை என்பார்கள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்றால் அது டெல்ட்டா வகை. இவருடைய இருக்கை தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கும் குறைவுதான். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் வண்டியைக் கவிழ்ப்பது கடினம்.

கடினம் என்றுதான் சொன்னேன், முடியாது என்று சொல்லவில்லை. வளைவில் திரும்பும்போது வண்டிக்கு மையத்தை நோக்கிய முடுக்கம் தேவை. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால், 5 × 5 ÷ 5 = 5. இது புவியீர்ப்பு முடுக்கமான 9.8இல் ஏறக்குறையப் பாதி. வேகத்தை இரட்டிப்பாக்கினால் விடை 20. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் முடுக்கம் நான்கு மடங்காகிறது. அந்த வேகத்தில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், அல்லது வண்டி வளைவைவிட்டுச் சறுக்கிப் போகும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கவேண்டும். உடலையும் வளைவின் உள்பக்கமாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

இருக்கையின் இருபுறமும் இடுப்புக்கு அருகே உள்ள கைப்பிடிகளால்தான் வண்டியைத் திருப்புகிறோம். வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உருள்கின்றன. இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே போகும். உள்சக்கரம் கூடுதலாகத் திரும்பவேண்டும். குதிரை வண்டிக் காலத்திலேயே இதற்குத் தீர்வு கண்டுவிட்டார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டி செய்துவந்த கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் உருவாக்கிய அமைப்புக்கு, 1818இல் ருடால்ஃப் ஆக்கர்மன் லண்டனில் காப்புரிமை பெற்றார். ஆக்கர்மன் அமைப்பு என்ற பெயரில் இன்றைய கார்களிலும் அதே தத்துவம் இருக்கிறது.

சாய்ந்து ஓட்டியவர் செய்த சாதனை

சாய்ந்து உட்காருவது வசதிக்காக மட்டும் அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று மோதும் பரப்பு அதிகம்; சாய்ந்தால் குறைவு. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் காற்றை வெல்ல எட்டு மடங்கு திறன் வேண்டும்.

இதைப் பிரான்ஸில் ஷார்ல் மோஷே என்பவர் உலகுக்குக் காட்டினார். 1933ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் மோஷே செய்த இரு சக்கரச் சாய்வு மிதிவண்டியில் பாரிஸ் நகரில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914இலிருந்து அசையாமல் நின்ற 44.247 கிலோமீட்டர் சாதனை முறிந்தது. முன்னணி வரிசையில் இடம்பெறாத ஒரு வீரர் இதைச் செய்ததால் சர்ச்சை எழுந்தது. மறு ஆண்டே அனைத்துலக மிதிவண்டிச் சங்கம் பந்தய மிதிவண்டி எப்படி இருக்கவேண்டும் என்று விதி எழுதி, சாய்வு வண்டியை ஒதுக்கிவைத்தது. பந்தயத்தில் இடமில்லாமல் போன அந்த வடிவம்தான் இன்று பெரியப்பாவைப் போன்றவர்களுக்குக் கைகொடுக்கிறது.

மோட்டார் இருந்தால் அது உடற்பயிற்சியா?

நானும் முதலில் இப்படித்தான் கேட்டேன். இந்த வகை மோட்டார் மோட்டார்சைக்கிளின் இயந்திரம் போன்றதன்று. மிதித்தால்தான் அது உதவும். மிதியின் அச்சில் உள்ள ஓர் உணரி, கால் எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது என்பதை அளக்கிறது. அதற்கேற்ப மோட்டார் தன் பங்கைச் சேர்க்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மெல்பர்ன் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தில் இத்தகைய மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் உதவி நின்றுவிட வேண்டும்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறுகிறது. உங்கள் வயதினருக்கு அது நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம். மிதமானது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு: மூச்சு வாங்கும், ஆனாலும் பேச முடியும், பாட முடியாது. பெரியப்பா வாரம் மூன்று முறை 50 நிமிடம் ஓட்டுகிறார். வழியில் என்னோடு பேசிக்கொண்டே வந்தார். தமக்குப் பிடித்த பழைய பாட்டைத் தொடங்கியவர் முதல் அடியிலேயே மூச்சு முட்டி நிறுத்தினார். அளவு சரிதான்!

மோட்டார் அவருக்குத் தந்த பெரிய உதவி வேறு. "ஏத்தம் வந்தா என்ன பண்றது, பாதி வழியில முடியலைன்னா எப்படித் திரும்பறது, இந்த ரெண்டு பயந்தான் என்னை வீட்டுல உட்கார வெச்சுது" என்றார். உதவி கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் வெளியே வருகிறார். வெளியே வந்தபின் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது அவருடைய கால்களே.

சாய்வு இருக்கையில் உடல் எடை முதுகிலும் இடுப்பிலும் பரவுகிறது. மணிக்கட்டிலும் கழுத்திலும் பாரம் விழுவதில்லை. ஆனால் முழங்காலுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண மிதிவண்டியில் அளவுக்கு மீறி அழுத்தினால் உடல் இருக்கையிலிருந்து மேலெழும்பும். இங்கோ முதுகுக்குப் பின்னால் இருக்கை தடுத்து நிறுத்துகிறது. சுவரில் சாய்ந்துகொண்டு காலால் தள்ளுவதைப் போல, உடல் எடையைவிட அதிக விசையையும் மிதியில் செலுத்த முடியும். கனமான கியரில் அப்படித் தள்ளிக்கொண்டே போனால் முழங்கால் பாதிக்கப்படும். சின்ன கியரில் போட்டு, நிமிடத்துக்கு 70, 80 சுற்று என்று வேகமாகவும் மென்மையாகவும் மிதிப்பதே நல்லது. மிதி அமைந்துள்ள முன்தண்டின் நீளத்தையும் சரிசெய்ய வேண்டும். கால் முழுவதும் நீளும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும்.

என் மின்கலன் எங்கே போனது?

அன்று நாங்கள் போனது லில்லிடேல் முதல் வார்பர்ட்டன் வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. 1901இல் திறக்கப்பட்டு 1965இல் மூடப்பட்ட ரயில் தடம் அது. தண்டவாளத்தை அகற்றி, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் குதிரைச் சவாரிக்கும் விட்டிருக்கிறார்கள். எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிமானம் குறைவு. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பழைய ரயில் தடங்களில் ஏற்றம் நீளமாக இருந்தாலும் மென்மையாகவே இருக்கும்.

மின்கலனைக் கவனிப்போம். உள்ளே இருப்பவை விரல் நீளமுள்ள லித்தியம் அயனி மின்கலங்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். பத்தைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட். அப்படி நான்கு வரிசைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால், ஒன்று 3.5 ஆம்பியர்-மணி என்ற கணக்கில், 14 ஆம்பியர்-மணி. 36ஐ 14ஆல் பெருக்கினால் 504 வாட்-மணி. சுமார் 500 என்று வைத்துக்கொள்வோம். இதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த கையிருப்பு.

பெரியப்பா மிகக் குறைந்த உதவி நிலையில் ஓட்டினார். மோட்டார் சராசரியாக 60 வாட் தந்தது, வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர் என்று கொண்டால், 40 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். 60ஐ 2.5ஆல் பெருக்க 150 வாட்-மணி. மோட்டாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும் என்று சேர்த்தால் சுமார் 190.

நான் உச்ச நிலையில் வைத்து, மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தேன். மோட்டார் தந்தது 180 வாட் என்றால், 1.8 மணி நேரத்தில் 324 வாட்-மணி. வீணானதையும் சேர்த்தால் சுமார் 405. வார்பர்ட்டனில் காப்பி குடித்தபோது அவர் மின்கலனில் 310 வாட்-மணி இருந்தது. என்னிடம் 95. அவரைவிட நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்ததற்கு நான் கொடுத்த விலை இது. திரும்பும்போது உதவியைக் குறைத்தும் பயனில்லை. வழியில் அணைந்துவிட்டது.

இனி ஏற்றம். நானும் வண்டியும் பையும் சேர்ந்து ஏறத்தாழ 100 கிலோ. அதை 100 மீட்டர் உயரம் தூக்க 100 × 9.8 × 100 = 98,000 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு வாட்-மணி என்பது 3,600 ஜூல். ஆக மின்கலனுக்கு அது வெறும் 27 வாட்-மணி வேலை. என் கால்களுக்கோ, 80 வாட் திறனில், 20 நிமிடத்துக்கும் மேலான உழைப்பு. அதுவும் தூக்குவதற்கு மட்டும். சரளைக்கல் பாதையின் உராய்வு தனிக்கணக்கு.

நடக்கும் வேகத்தில்தான் ஏறினேன். ஆனால் பெரியப்பா சொன்னது உண்மை. வண்டி சிறிதும் தள்ளாடவில்லை. இடையில் இரண்டு முறை அப்படியே நிறுத்தி, இருக்கையிலேயே சாய்ந்து மூச்சு வாங்கினேன். நிறுத்த பிரேக்கைப் பூட்டிவிட்டால் பின்னோக்கி உருளாது. காலைத் தரையில் ஊன்றவும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடம்

கப்பலில் வேலை செய்தவருக்குப் பழுது வருமுன் பார்ப்பதே வழக்கம். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் பெரியப்பா வண்டியைச் சோதிக்கிறார். அவர் சோதிப்பவற்றில் பல உங்கள் சாதாரண மிதிவண்டிக்கும் பொருந்தும்.

டயர்: பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றழுத்தம் இருக்கவேண்டும். காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கி உருளும், ஆற்றல் வீணாகும்.

சக்கர நேர்மை: ஒருமுறை அவருடைய வண்டி நடைபாதை விளிம்பில் மோதியது. வெளியே எந்தச் சேதமும் தெரியவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே இரண்டு முன்டயர்களும் வழுக்கையாகிவிட்டன. முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் போனதே காரணம். உருளவேண்டிய டயர் ஒவ்வொரு மீட்டரிலும் சற்றுப் பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்ந்திருக்கிறது. இப்போது அச்சின் உயரத்தில், சக்கர வளையங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலும் பின்விளிம்புகளுக்கு இடையிலும் உள்ள தூரத்தை அளந்து பார்க்கிறார். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும்.

பிரேக்: இரண்டு முன்சக்கரங்களுக்கும் தனித்தனி வட்டு பிரேக். ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டும் ஒரே அளவில் பிடிக்கின்றனவா, பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டனவா என்று பார்க்கவேண்டும்.

சங்கிலி: மிதி முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால் என்பதால் சாதாரண மிதிவண்டியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். மணலும் எண்ணெயும் கலந்தால் அரத்தைப் போலப் பற்சக்கரத்தை அராவும். துணியால் துடைத்து, சிறிதளவு மசகெண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும்.

மிதியும் பாதமும்: ஓடும் வண்டியில் பாதம் நழுவித் தரையைத் தொட்டால், வண்டி முன்னேற முன்னேறக் கால் அதன் அடியில் இழுபடும். எலும்பே முறியலாம். ஆகவே குதிகால் பட்டையோ, மிதியில் பொருந்தும் காலணியோ கட்டாயம்.

பார்வையில் படுவது: வண்டி தாழ்வானது. உயரமான கம்பத்தில் கொடி, முன்னும் பின்னும் விளக்கு, இருபுறமும் கண்ணாடி இவையெல்லாம் வேண்டும். தலைக்கவசம் சொல்லவே வேண்டாம். உலகிலேயே முதன்முதலில், 1990இல், மிதிவண்டி ஓட்டுவோர் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கிய இடம் விக்டோரியாதான்.

மின்கலன்: வண்டியுடன் வந்த மின்னேற்றியை மட்டும் பயன்படுத்துகிறார். எல்லாரும் தூங்கும் நேரத்தில் மின்னேற்றுவதில்லை. வெளியேறும் வழியில் வைத்தும் மின்னேற்றுவதில்லை. பல வாரம் ஓட்டாவிட்டால் பாதியளவு மின்னேற்றத்துடன் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கிறார். வெப்பம் லித்தியம் மின்கலனை விரைவில் முதுமையாக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விடக்கூடாது. உப்பினாலோ, கசிந்தாலோ, வித்தியாசமான வாடை வந்தாலோ உடனே பயன்பாட்டை நிறுத்தவேண்டும். மோட்டாரும் மின்கலனும் மழையைத் தாங்கும். ஆனால் அழுத்தத்துடன் பீய்ச்சும் நீர் உள்ளே புகுந்துவிடும். ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

சிங்கப்பூரில் ஓட்ட முடியுமா?

படித்ததும் தாத்தா பாட்டிக்கு ஒன்று வாங்கித்தரும் ஆசை உங்களுக்கு வந்திருக்கலாம். பொறுங்கள். இங்கு மின்சார உதவியுடன் இயங்கும் மிதிவண்டி நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதாக, பதிவு செய்யப்பட்டதாக இருக்கவேண்டும். மோட்டார் 250 வாட்டுக்குள், உதவி மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், எடை 20 கிலோவுக்குள் என்பது விதி. ஓட்டுபவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். இணையவழிக் கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். நடைபாதையில் ஓட்டக்கூடாது. மோட்டார் பொருத்திய சாய்வு முச்சக்கர வண்டிகள் பெரும்பாலும் 25 கிலோவுக்கு மேல் இருப்பவை. பெரியப்பாவின் வண்டி 28 கிலோ. இணையத்தில் வாங்கி இறக்கிவிட்டு நேரே பூங்கா இணைப்புப் பாதைக்குப் போய்விட முடியாது. சாதாரண மிதிவண்டியில் நாமாகவே மோட்டாரைப் பொருத்துவதும் குற்றம்.

நெரிசலான நாட்டில் பாதையைப் பலரும் பகிர்ந்துகொள்கிறோம். கனமான வண்டி மோதினால் காயமும் கடுமையாக இருக்கும். அதே வேளையில், சமநிலை குறைந்த முதியவர்களும் இங்கு பெருகி வருகிறார்கள். 20 கிலோவுக்குள், குறுகலான பாதைக்கு ஏற்ற அகலத்தில், கவிழாத ஒரு மூன்று சக்கர வண்டியை வடிவமைப்பது எப்படி? வடிவமைப்பும் தொழில்நுட்பமும் படிக்கும் மாணவர்களே, இது உங்களுக்கான கேள்வி.

மவுண்ட் ஈவ்லினில் ஆறிய தே

நான் மவுண்ட் ஈவ்லினை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெரியப்பா நிழலில் வண்டியை நிறுத்தி, இருக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பக்கமாக நாயுடன் நடந்துவந்த ஒரு பெண்மணிக்கு ஆக்கர்மன் அமைப்பை விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகள் வீட்டில் யாருடனும் அதிகம் பேசாமல் இருந்தவர் அவர்.

"தே ஆறிப்போச்சு. குடி," என்றார்.

அங்கிருந்து லில்லிடேல் வரை இறக்கம். மிதிக்கவே வேண்டியதில்லை. நான் கால்வலிக்கச் சேர்த்த நிலையாற்றல் எல்லாம் இயக்க ஆற்றலாக மாறி, பிரேக் வட்டில் வெப்பமாகக் கரைந்தது. கீழே வந்து நிறுத்தியதும் வட்டைத் தொடப் போனேன்.

"கைய வெக்காதே! சுட்டுடும்," என்று அதட்டினார் பெரியப்பா. "அது எல்லாம் நீ மிதிச்ச சூடுதான்."

நீங்களே செய்து பாருங்கள்

1. மிதிவண்டிச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் 12.7 மில்லிமீட்டர் நீளம். ஓர் ஊசியின் மையத்திலிருந்து தொடங்கி 24 கண்ணிகளை அளந்தால், புதிய சங்கிலியில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். உங்கள் மிதிவண்டிச் சங்கிலியை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள். 306.5ஐ நெருங்கிவிட்டால் சங்கிலியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றாமல் விட்டால் பற்சக்கரங்களும் தேய்ந்துவிடும்.

2. வார்பர்ட்டனில் என்னிடம் இருந்தது 95 வாட்-மணி. அதில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். 60 வாட் உதவியுடன் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மோட்டார் எத்தனை கிலோமீட்டர் வரை உதவியிருக்கும்? திரும்பும் வழியில் நான் நின்ற இடம் உங்கள் விடைக்குச் சற்று முன்னதாகவே இருந்தது. அதற்கு என்ன காரணங்கள் இருக்கலாம் என்றும் யோசியுங்கள்.